செருப்புத் தடம்

பழைய சாமானைத் தூக்கி எறிய எனக்கு மனசே வராது, ஐயா. ஒடிந்த குடையைக்கூடக் கம்பி கட்டி வைத்துக்கொள்கிற ஆள் நான். அந்த வெந்நீர் ஹீட்டரும் அப்படித்தான் கீழ் வீட்டுக்குப் போனது.

கீழே குடியிருந்தது ஒரு தையல்காரப் பெண். கணவர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் தங்குவதே அபூர்வம். என்னை வாய் நிறைய அண்ணே என்பாள். நானும் வாடகைக்கு இருப்பவள் என்று பார்க்காமல் தங்கை மாதிரிதான் நடத்தினேன்.

ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்தாள். "அண்ணே, குளியலறைக் குழாயைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்களேன்."

"ஈரக் கையோட தொட்டா அப்படித்தாம்மா தோணும்" என்றேன்.

அவள் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் அதே பாட்டு. எலக்ட்ரீஷியன் வந்தால் சுவரை உடைப்பான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கிளம்பும். வீட்டுக்காரன் பாடு உங்களுக்குத் தெரியாததா? அதனால் நேற்றுக் காலை நானே போனேன்.

ஹீட்டரைப் போட்டுவிட்டு, அவள் கண்ணெதிரே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா? எல்லாம் உன் மனப்பிரமை."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. என் காலைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா வந்தீங்க போங்க! வாசல்லயே செருப்பைக் கழட்டுற மனுஷன், இன்னிக்கு ரப்பர் செருப்போட உள்ள வரைக்கும். தரையெல்லாம் ஒரே சேறு. இதை யாரு கழுவுறது?"

"மறந்துட்டேம்மா" என்றேன். ஸ்விட்சை அணைக்காமலே மேலே வந்தேன்.

காபி குடித்து முடிப்பதற்குள் கீழே வாளி உருளும் சத்தம் கேட்டது. என் செருப்புத் தடத்தைக் கழுவத்தான் குழாயைத் திறந்திருக்கிறாள், வெறுங்காலோடு.

நெஞ்சை அறுக்கிறது, ஐயா. சேதி கேட்டு ஓடி வந்த அவள் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார். "அண்ணன் பாத்தா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டே இருப்பாண்ணே" என்றார். கையை உருவிக்கொள்ளவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த ஹீட்டர் முதலில் எங்கள் குளியலறையில்தான் இருந்தது. என் மனைவியை ஷாக் அடித்துத் தூக்கிப் போட்ட அன்றே கழற்றிவிட்டேன். எங்களுக்குப் புதிது வாங்கினேன். பழையதை வீணாக்குவானேன் என்று கீழே மாட்டினேன்.

செருப்பை நான் மறக்கவில்லை, ஐயா. கழற்றப் பயமாக இருந்தது.