கேள்வியை அடித்த பிள்ளை

சமயநல்லூரில் பஸ் ஏறிய இரண்டு ஆசிரியைகள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவர் மடியில் விடைத்தாள் கட்டு.

“நான் குடுத்த கேள்வியையே ஒருத்தி அடிச்சுட்டா டீச்சர்.”

“என்ன கேள்வி?”

“அமெரிக்கக் கதைப் புத்தகம் ஒண்ணு வாசிக்கக் குடுத்தேன்ல? வெள்ளைக்காரப் பிள்ளைக மட்டும் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மொத மொதல்ல ஒரு கறுப்பினப் பொண்ணு போற கதை. ‘அந்தப் பொண்ணா நீ இருந்தா என்ன செய்வே’ன்னு கட்டுரை கேட்டேன்.”

“நல்ல கேள்விதான?”

“எல்லாம் தைரியமா இருப்பேன்னு எழுதிருச்சுக. இவ மட்டும் அதை அடிச்சுட்டு, ‘அவ பக்கத்துல உக்காராம எந்திரிச்சுப் போன பொண்ணா நான் இருந்தா’ன்னு மாத்திக்கிட்டா.”

“அடியாத்தி! என்ன எழுதியிருக்கா?”

“‘எல்லாரும் போனா மொத நாள் நானும் எந்திரிச்சுத்தான் போயிருப்பேன். மறுநாள் திரும்பி வர எம்புட்டு தைரியம் வேணும்னு யோசிக்கிறேன்’னு எழுதியிருக்கா. ஒன்பதாப்பு டீச்சர்!”

“எந்தப் பிள்ளை?”

“ஊருக்குள்ள இருந்து வர்றவ. என் கிளாசுல காலனிப் பிள்ளைக ரெண்டும் கடைசி பெஞ்சுல தனியாத்தான உக்காரும்? நான் மாத்தி உக்கார வச்சாலும் மறுநாளே பழையபடி பிரிஞ்சுருதுக.”

மூத்தவர் அந்தத் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பஸ் பரவையைத் தாண்டியிருந்தது.

“மார்க் எம்புட்டுப் போடப் போறீக?”

“நான் என்னத்தப் போட டீச்சர்? பேப்பரை இன்னும் திருப்பிக் குடுக்கவே இல்ல. இன்னைக்குக் காலையில கிளாசுக்குள்ள நுழையுறேன், கடைசி பெஞ்சுல மூணு பேரு உக்காந்திருக்காளுக.”