சூடேறும் வரை

காலையில் காரை எடுத்தவுடன் விரட்டக் கூடாது. வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், யாரும் செய்வதில்லை. என்ஜின் எண்ணெய் கொஞ்சம் சூடாகட்டும் என்று நான் பொறுத்திருப்பேன். தெருமுனை வரை குழந்தையைக் கைப்பிடித்து நடத்திப் போவது போலத்தான் போவேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஐயா, என் வண்டியை நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு எடுத்துவரச் சொல்வதானால், ஓட்டப் போகிறவரிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். உங்கள் நிபுணர், விபத்தில் நொறுங்கிய என் மச்சினனின் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிரேக்கில் பழுது ஒன்றும் இல்லை, வண்டி அருமையான வண்டி, ஓட்டியவரின் கவனக்குறைவுதான் என்று முடித்துவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். செத்துப்போன தம்பி மேலேயே பழி என்றால் எந்த அக்காள் தாங்குவாள்? நான் தராசு பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை செய்கிறவன். நகைக்கடைத் தராசு முதல் லாரியையே ஏற்றி நிறுக்கிற மேடை வரை என் கை படாதது கிடையாது. எடை தப்பு என்று தெரிந்த பிறகு பேசாமல் முத்திரை குத்திவிட்டு வர எனக்கு மனம் வராது. அதனால் சொல்கிறேன்.

என் வண்டி கல்யாணத்துக்கு முன்பே வந்தது. யாரோ ஓட்டிச் சலித்த நாலு கதவு வண்டி. வெளியே பார்த்தால் வாத்தியார் வண்டி மாதிரி சாதுவாக இருக்கும், உள்ளே இருப்பது வேறு. டர்போ வைத்த பெரிய என்ஜினை நானே இறக்கினேன். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தினேன். கனம் குறையட்டும் என்று ஏசி, ரேடியோ, கதவுக்குள் இருந்த பஞ்சு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். இதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்து அழகு பார்க்கிற பொம்மையாக நான் வைத்துக்கொள்ளவில்லை. ஆபீசுக்கு அதுதான், மளிகைக்கு அதுதான், பிரசவ வலியில் துடித்த மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதுதான். வேகமான வண்டி யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். தினமும் ஓட்டுகிற வேகமான வண்டிதான் வண்டி. அது என் கட்சி.

குறைகள் உண்டு. வேகத்தடை வந்தால் கோணலாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடி தட்டும். முட்டை வாங்கினால் வீடு வருவதற்குள் உடைந்துவிடும். “இது வண்டியா, இல்ல உரலாங்க? ஏறி இறங்குறதுக்குள்ள இடுப்பு கழண்டு போகுது” என்பாள் மனைவி. சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

மச்சினன் நல்லவன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவன், வண்டிப் பைத்தியம் அவனுக்கு என்னிடமிருந்துதான் தொற்றியது. நல்ல வேலை கிடைத்ததும் புது வண்டி வாங்கினான். நான் விரல் நசுங்கி, முழங்கை சுட்டு, வருடக்கணக்கில் செய்ததையெல்லாம் கம்பெனிக்காரனே செய்து கொடுத்திருந்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் பசு, இன்னொன்றை அமுக்கினால் புலி. முட்டை உடைவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடோன்களுக்குப் பின்னால் இருக்கிற நேர்சாலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். குட்டி, அதாவது என் மகள், ஓரமாக நின்று கைக்குட்டையை ஆட்டுவாள். கிளம்புவதில் அவன் வண்டி ஜெயித்தது, வளைவிலும் ஜெயித்தது. நிற்பதில் மட்டும் என் வண்டி. கனம் இல்லாததால் மிதித்தவுடன் நின்றுவிடும், அவனுடையது இன்னும் கொஞ்சம் உருண்டுவிட்டுத்தான் நிற்கும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் தலைநிமிர்ந்து நடந்தேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம்.

பிறகு ஒரு நாள் குட்டி பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றுகொண்டு, என் வண்டியில் ஏறமாட்டேன் என்றாள்.

“அப்பா, நான் மாமா கூடயே போயிடறேன்பா. உன் வண்டி வந்தாலே டீச்சர் காதைப் பொத்திக்கிறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

அன்றிலிருந்து மச்சினன் தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். அவன் வண்டி வேகமானது என்பதை நான் சகித்திருப்பேன். தினப்படிக்கும் அதுதான் லாயக்கு என்று என் பிள்ளையே சொல்லிவிட்டாள். வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஜன்னல் ஓரம் நின்று அவர்கள் போவதைப் பார்த்துவிட்டு, காலியான வண்டியில் ஆபீசுக்குப் போவேன். சில நாள் தெருமுனையில் நிறுத்திவிட்டு அழுதிருக்கிறேன்.

மனைவிக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றாள். ஆளும் பார்த்துவிட்டாள். என்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காயலான் கடையில் போட்டுவிடுகிற ஆள், அடுத்த வாரம் வருவதாக இருந்தது. மச்சினன்தான் எனக்காகப் பேசினான். “விடுக்கா. அத்தானுக்கு அது இன்னொரு பிள்ளை மாதிரி. அது பாட்டுக்கு ஓரமா நிக்கட்டும்.” எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. ஓரமாக நிற்பதற்கா அதைச் செய்தேன்?

அன்றைக்கே அவன் இன்னொன்றும் கேட்டான். “அத்தான், என் வண்டியில பிரேக் மட்டும் உங்களுது அளவுக்கு இல்ல. உங்க கையால ஏதாவது செஞ்சு குடுங்களேன்.”

என்னிடம் மிச்சமிருந்த ஒன்றையும் அவன் கேட்டான். நான் சரி என்றேன்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் நிபுணர் கோட்டைவிட்ட இடம் இதுதான். சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் பேட் இருக்கிறதே, அதில் பந்தயத்துக்கென்றே ஒரு ரகம் உண்டு. கொதிக்கக் கொதிக்க அது சுவர் மாதிரி நிறுத்தும். ஆனால் குளிர்ந்திருந்தால் கவ்வாது. பந்தயத்தில் முதல் சுற்றிலேயே அதைச் சூடேற்றிக்கொள்வார்கள், வீட்டிலிருந்து கிளம்புகிறவன் எங்கே சூடேற்றுவது? போன குளிர்காலத்தில் அந்த ரகத்தை என் வண்டியில் போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையில் ஷெட்டிலிருந்து இறக்கி, கேட்டருகே மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுச் சுவரில் முட்டியது. தடம் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அன்றைக்கே கழற்றிவிட்டேன். வெட்கத்தில் மச்சினனிடம்கூடச் சொல்லவில்லை.

அதே ரகத்தைத்தான் அவனுக்கு வாங்கினேன், இருப்பதிலேயே உயர்ந்த ரகம். மலிவானதை அவன் வண்டியில் போட எனக்கு மனம் வராது. பழுது இல்லை என்று உங்கள் நிபுணர் சொன்னது சரிதான். பழுதே இல்லாத பேட்.

மாட்டி முடித்து, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நேர்சாலையில் மிதித்து மிதித்து நன்றாகச் சூடேற்றினேன். அதன்பின் ஒரு மிதி. இருவரும் சீட் பெல்ட்டில் தொங்கினோம். “என்ன கை அத்தான் உங்க கை” என்று என் தோளைக் கட்டிக்கொண்டான். பிறகு கேட்டான்: “இதுல நான் ஏதாவது பாத்து நடந்துக்கணுமா?”

“ஒண்ணுமில்ல. மிதிச்சா நிக்கும்” என்றேன்.

அவன் வீடு சரிவின் உச்சியில் இருக்கிறது. கேட்டைத் தாண்டினால் ஒரே இறக்கம், அடியில் குடோன் லாரிகள் குறுக்கே போகிற சந்திப்பு. ஏறிப் போகும்போது பிரேக்குக்கு வேலையில்லை. காலையில் இறங்கும்போதுதான் முதல் மிதி. பேட் வாங்குவதற்கு முன்னால் அந்தச் சரிவில் ஒரு முறை நடந்து இறங்கிப் பார்த்தேன். உடம்புக்கு நல்லது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரே ஒரு முறை அவன் பயப்பட வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் வந்து, “அத்தான், தினமும் ஓட்டுறதுக்கு உங்க வண்டிதான் சரி” என்று மனைவி காதுபடச் சொல்ல வேண்டும். அதற்குள் காயலான் கடை ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம். குட்டியையும் நான் மறக்கவில்லை. எங்கள் வீடு சந்திப்பைத் தாண்டி இந்தப் பக்கம் இருக்கிறது. அவன் இறங்கி வந்த பிறகுதான் அவள் ஏறுவாள். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன். நான் பொறுப்பில்லாத தகப்பன் அல்ல.

பேட் மாட்டிய அன்று சாயங்காலம் புது பிரேக்கைக் காட்டுகிறேன் என்று அவன் குட்டியை ஏற்றிக்கொண்டு போனான். சாப்பாட்டு நேரமாகியும் அவள் திரும்பவில்லை. மனைவி தட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்: “குட்டி இன்னிக்கு மாமா வீட்டுலயே தூங்குறாளாம். காலையில அங்கேருந்தே பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவாங்களாம். போன் பண்ணினான்.”

நான் போனைக் கையில் எடுத்தேன். அவன் பெயர் திரையில் இருந்தது, அமுக்க வேண்டியதுதான் பாக்கி. காலையில் கிளம்பும்போது மெதுவாக நாலு முறை மிதித்துக்கொண்டே இறங்கு என்று சொன்னால் போதும். வேறு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுகூட இல்லை.

“யாருக்கு?” என்றாள் மனைவி.

“யாருக்குமில்ல” என்று கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன். மறதி இல்லை. கையில் தட்டோடு நான் நினைத்ததை உள்ளபடி சொல்கிறேன். நல்லதாகப் போயிற்று, அவளும் வண்டியில் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வண்டி கொஞ்சம் வழுக்கும், வேலியிலோ கம்பத்திலோ உரசி நிற்கும். அப்போது அவளே வந்து தன் வாயால் சொல்வாள்: அப்பா, மாமா வண்டி நிக்கலப்பா. மச்சினன் சொல்வதைவிட அவள் சொல்வதைக் கேட்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையில் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கவும் செய்தேன். காலையில் குளிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சீக்கிரம் எழுந்தேன். மழையும் பெய்திருந்தது.

சந்திப்பில் குறுக்கே வந்த லாரியின் ஓட்டுநர் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள். மச்சினன் கவனமாகத்தான் ஓட்டியிருப்பான், பிள்ளையை வைத்துக்கொண்டு அவன் வேகம் போக மாட்டான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, குளிரில் அந்த வண்டி நிற்காது, தினப்படிக்கு அது உதவாது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அருமையான வண்டி என்று உங்கள் அறிக்கையில் இருப்பது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

குட்டி இன்னும் கண் திறக்கவில்லை. நிச்சயமாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அவருக்கு அவளைத் தெரியாது. அவள் கண் திறக்கிற அன்றைக்கு மட்டும் என்னை வெளியே விடுங்கள், காலில் விழுந்து கேட்கிறேன். முதலில் வாய் திறந்து அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நான் இருக்க வேண்டும். காயலான் கடை ஆளை வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பின்சீட்டில் மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். எண்ணெய் சூடாகும் வரை பொறுத்து, வேகத்தடையில் கோணலாக ஏற்றி, அலுங்காமல் வீட்டுக்குக் கூட்டிவருவேன். பாருங்கள், இனிமேல் அவள் தினமும் என் வண்டியில்தான் போவாள்.