திங்கட்கிழமைப் பட்டியலைத் தவறவிடாத அன்னபாக்கியம் அக்காவுக்கு

அன்பை அணியாகவும் அடக்கத்தை ஆடையாகவும் கொண்டவரே! எண்ணும் எழுத்தும் உங்கள் ஏவல் கேட்டு நிற்க, முப்பத்தோர் ஆண்டு எங்கள் தோட்ட மருத்துவச் சங்கத்தின் மாடியறையில் மாறாது வீற்றிருந்த மாண்புடையவரே! துளையிட்ட அட்டைகளின் தலைவியே, சுழலும் டேப்புகளின் அரசியே, எட்டு மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னதாகவே குடையை மடக்கி ஆணியில் மாட்டிவிடும் அக்கா அன்னபாக்கியம் அவர்களே! உங்கள் உடன் பணியாற்றிய எங்கள் அனைவரின் உளமார்ந்த வணக்கம்.

புகழ்மாலையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். காரணம் இருக்கிறது. இந்தப் பணி ஓய்வு விழாவைப் பற்றிச் சொல்லப் போனபோது அக்கா ஒரே வரியில் எச்சரித்துவிட்டார்: "என்ர முகத்துக்கு நேர நிண்டு புகழ்ந்தா, நான் எழும்பிப் போயிடுவன்." சொன்னதைச் செய்கிறவர் அவர். இப்போதும் வாசலை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அன்னபாக்கியம் என்று ஒருவரைப் பற்றி, அவர் இந்த மண்டபத்தில் இல்லாதது போலவே, சபையோருக்குச் சொல்லப் போகிறோம். கேட்பதும் கேட்காததும் அவர் இஷ்டம்.

அன்னபாக்கியம் மலாயா இரயில்வேயில் எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்தவரின் மூத்த மகள். 1956இல் இங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1971இல் சங்கம் பெரிய கம்ப்யூட்டரை வாங்கியபோது புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள யார் தயார் என்று கேட்டார்கள். ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, கையைத் தூக்கியவர் அவர் ஒருவர்தான். கோலாலம்பூரில் மூன்று மாதம் கோபோல் என்னும் கணினி மொழியைப் படித்துத் திரும்பி, பதினான்கு புரோகிராம்கள் எழுதினார். அந்தப் பதினான்கின் வேலையும் ஒன்றே ஒன்றுதான், திங்கட்கிழமைப் பட்டியல்.

அது என்ன பட்டியல் என்று விருந்தினர்கள் கேட்கக்கூடும். கோப்பெங்கில் இருந்து பாகான் டத்தோ வரை பத்தொன்பது தோட்டங்களில் காசநோய், இனிப்புநீர் என்னும் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று விடாமல் மருந்து சாப்பிட வேண்டியவர்கள் அறுநூற்று நாற்பது பேர். மருந்து கொடுத்த தேதியைத் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர்கள் பச்சைச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். அதை வீரம்மா அட்டையில் துளையிடுவார். பழனியப்பன் டேப்பை மாட்டி ஓட்டுவான் (இந்த மடலை எழுதியவனும் அவன்தான்). இந்த வாரம் யார் யார் மருந்துக்கு வர வேண்டும் என்று தோட்டம் வாரியாகப் பட்டியல் வரும். திங்கட்கிழமை விடியற்காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டில் டிரஸ்ஸர் அதை வாசிப்பார். பதினாறு ஆண்டுகளில் வெள்ளம் வந்தது, மின்சாரம் போனது, மெஷினுக்குள் எலி போய்க் குடும்பம் நடத்தியது. ஒரு திங்கட்கிழமைகூடப் பட்டியல் நின்றதில்லை.

சென்ற ஆண்டு நவம்பரில் மேசைமேல் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் இரண்டு வந்து இறங்கின. பெரிய மெஷினைப் பிப்ரவரி கடைசியில் அகற்றிவிடுவதாக முடிவு. சின்ன மெஷினுக்குக் கோபோல் ஆகாது, டீபேஸ் என்ற புது மொழி வேண்டும். புரோகிராம் எழுத அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் இருந்து ஆள் வருவார், அதுவரை பட்டியல் இல்லாமல் சமாளித்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். ஓய்வுபெற ஒரு வருஷம்கூட இல்லாத நேரத்தில் இந்த வயதில் எதற்குச் சிரமம் என்று அன்போடுதான் கேட்டார். அன்னபாக்கியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பட்டியல் ஒரு திங்கட்கிழமையும் நிற்கப்படாது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மெஷினை விற்றவர்கள் ஈப்போவில் இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். அதற்குப் போய் வந்து அவர் புது மொழி கற்ற கதையைச் சொன்னால் சிரிப்பு வரும், சிரியுங்கள். பழைய உலகத்தில் புரோகிராமைக் கட்டம் போட்ட தாளில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டமாக எழுதி, மூன்று முறை பென்சிலால் சரிபார்த்து, அட்டையில் துளையிடக் கொடுத்துவிட்டு விடை வர மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். சின்ன மெஷின் முன்னாலும் அப்படியே செய்தார். கட்டத்தாளில் எழுதி, மூன்று முறை சரிபார்த்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கோபோல் கேட்கிற ஏழு கட்டத்தைக் காலியாக விட்டு, மெல்லத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கையைக் கட்டி முடிப்பதற்குள் 'தவறு' என்று திரையில் வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்ததே! "நான் யோசிச்சு முடிக்க முன்னமே பதில் சொல்லுது, மரியாதை தெரியாத சாமான்" என்று பழனியப்பனிடம் முறையிட்டார்.

ஆனால் விடவில்லை. பதினாறு ஆண்டுத் தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி அரிச்சுவடியில் தொடங்குவது லேசான காரியமில்லை. தெரிந்தது அத்தனையும் குறுக்கே வந்து நின்றது. காலையில் பசியாறும் நேரத்தில்கூடக் கோப்பியை ஆறவிட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தீபாவளி வாழ்த்து அட்டைகளின் முதுகில் டீபேஸ் கட்டளைகளை எழுதிக் கைப்பைக்குள் வைத்திருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். பிப்ரவரிக்குள் புது மெஷினில் பட்டியல் தயாராகிவிட்டது. அறுநூற்று நாற்பது பேரையும் வீரம்மா தட்டி ஏற்றிவிட்டார். பெரிய மெஷின் மார்ச் இரண்டாம் தேதிப் பட்டியலை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிட்டு லாரி ஏறிப் போயிற்று.

மார்ச் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை. புது மெஷினின் முதல் பட்டியல் திங்களன்று போக வேண்டும். அன்னபாக்கியம் ஒரே ஒரு வரி தட்டினார். சில பேருக்கு மட்டும் அடுத்த தேதியை மாற்றச் சொல்லும் வரி அது. எந்தச் சில பேர் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். அடுத்த கணம் அறுநூற்று நாற்பது பேருக்கும் ஒரே தேதி விழுந்துவிட்டது.

அவர் பதறவில்லை. பதறாததுதான் பாவம். டேப் உலகத்தில் எதை ஓட்டினாலும் புது டேப்பில்தான் எழுதும், பழையது அப்படியே இருக்கும். அந்தப் பழையதை அப்பா என்போம், அதற்கும் முந்தியது தாத்தா. திரும்பிப் பார்த்து, "பழனி, அப்பாவை எடுங்கோ" என்றார். பழனியப்பன் சிரித்துக்கொண்டே எழுந்தவன் பாதி வழியில் நின்றுவிட்டான். இந்த மெஷினுக்கு அப்பாவும் இல்லை, தாத்தாவும் இல்லை. எழுதினால் பழையதின் மேலேயே எழுதிவிடும். லாரியில் போன மெஷின் இல்லாமல் அலமாரியில் இருந்த டேப்புகளைப் படிக்கவும் வழியில்லை. தினமும் மாலையில் டிஸ்கெட் என்னும் சின்னத் தட்டில் பிரதி எடுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள்தான். அன்னபாக்கியத்தின் நோட்டில் அது அடிக்கோடிட்டு இருந்தது. "கேட்டனான். ஆனா அது எனக்குச் சொன்னது எண்டு நினைக்கேல்லை" என்றார்.

மெஷின் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் எல்லாரும் நம்பியிருப்போம். நேரே மேலாளர் அறைக்குப் போய், கதவைக்கூடச் சாத்தாமல், பிழை தன்னுடையது, தான் சொன்னதைத்தான் மெஷின் செய்தது என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரம்தானே, போகட்டும் என்றார் மேலாளர். அந்த ஒரு வாரத்தில் எத்தனை பேருக்கு மருந்து தப்பும் என்று திருப்பிக் கேட்டார் அன்னபாக்கியம்.

வழி வீரம்மாவிடம் இருந்தது. டிரஸ்ஸர்கள் அனுப்பிய பச்சைச் சீட்டு ஒன்றையும் எறியாமல், ஆண்டு வாரியாகப் பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருந்தார். சனிக்கிழமை காலை வீரம்மா பெயரையும் தேதியையும் வாசிக்க, அன்னபாக்கியம் தட்டினார். பதினாறு ஆண்டாகத் தன் புரோகிராமுக்குள் வெறும் எண்களாகப் போய் வந்த மனிதர்களின் பெயர்களை அன்றுதான் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டார். பழனியப்பன் இரண்டு பேருக்கும் நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்துக்கொண்டு, ஒரு மணிக்கு ஒரு முறை டிஸ்கெட்டில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறுநூற்று நாற்பதும் முடிந்தது.

கடைசி டின்னின் அடியில் இன்னும் ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டு, தனியாகக் கிடந்தது. அது என்ன என்று அன்னபாக்கியம் கேட்டார்.

"அது வேணாங்க்கா. தோட்டத்த விட்டுப் போனவங்க. போன எடத்த டிரஸ்ஸருங்க சீட்டு முதுகுல எழுதிருக்காங்க, ஆனா உங்க புரோகிராம் அவங்கள லிஸ்ட்லேருந்து எடுத்துரும்லா" என்றார் வீரம்மா.

அன்னபாக்கியம் கட்டைப் பிரித்தார், நாற்பத்து மூன்று சீட்டு. மேலே இருந்த சீட்டில் இருளாயி என்று இருந்தது. பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்து வீரம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"எங்கம்மாதான்க்கா. எழுவத்தொம்பதுல தோட்டத்த வித்தாங்க, நாங்க சிம்பாங் பூலாய்க்கு வந்துட்டோம். மறுவாரமே அம்மா பேரு லிஸ்ட்ல இல்ல. விலகினாருன்னு அந்த அட்டையப் பஞ்ச் பண்ணதே நாந்தான். நான் வேலைக்கு வந்துருவேன். அது தானே போயி மருந்து வாங்கிக்கிறேன்னு சொல்லும், போவாது. ரெண்டு வருசம் கழிச்சுக் கால் விரல் ஒன்ன எடுத்தாங்க."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அன்னபாக்கியம் கேட்டார். அக்காவின் புரோகிராமில் தப்பே வராது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லும்போது தான் என்ன சொல்வது என்றார் வீரம்மா. குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் அன்னபாக்கியத்துக்குத் தாங்கவில்லை. 1980இல் பாகான் டத்தோ பக்கத்து டிரஸ்ஸர் ஒருவர், தோட்டம் விட்டவர்கள் எங்கே போனார்கள் என்று குறித்துவைக்க முடியுமா என்று கடிதம் எழுதியிருந்தார். அட்டையில் இடமில்லை என்று பதில் எழுதியவர் அன்னபாக்கியம்தான். பொய் இல்லை. அட்டைக்கு எண்பது கட்டம், எண்பதும் நிரம்பியிருந்தது. இன்னொரு தகவல் சேர்க்க வேண்டுமானால் பதினான்கு புரோகிராமையும் பிரித்து மேய வேண்டும்.

சின்ன மெஷினின் பக்கம் திரும்பி, கட்டத்தாள் இல்லாமல், பென்சில் இல்லாமல், முதன்முறையாக நேராகத் தட்டினார். 'இப்போது இருக்கும் இடம்' என்று ஒரு புதுத் தகவல் சேர்ந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மரியாதை தெரியாத சாமானின் முன்னால் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, "வாசியுங்கோ வீரம்மா, நாற்பத்து மூண்டு பேரையும் வாசியுங்கோ" என்றார். அழுதுகொண்டேதான் தட்டினார். இதைச் சொன்னதற்காக எங்களைக் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

மருந்து தொடங்கிக் கொடுத்தவர்களைத் தோட்டம் விட்டார்கள் என்று கைவிட மாட்டேன் என்று, அன்றைக்கே அன்னபாக்கியம் கூப்பிட்டுக் கேட்டபோது, சங்கத்து டாக்டர் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். மார்ச் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை பத்தொன்பது தோட்டத்துக்கும் பட்டியல் போயிற்று, கூடவே இருபதாவதாக ஒரு தாளும் வந்தது. அதில் இருந்த நாற்பத்து மூன்று பேருக்கும் அஞ்சலட்டை போட்டோம். இருபத்தொன்பது பேர் வந்தார்கள். எட்டு அட்டை ஆள் இல்லை என்று திரும்பியது. ஆறு பேர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்கள், அந்த ஆறு பெயரும் அன்னபாக்கியத்தின் கைப்பையில் இருக்கிறது. வந்தவர்களில் முதல் ஆள் இருளாயி அம்மா. இன்று முதல் வரிசையில், மகள் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா, இனி உங்களிடமே பேசுகிறோம். வாசலைப் பழனியப்பனின் தம்பி சீனி மறித்துக்கொண்டு நிற்கிறான், எழுந்து போக முடியாது.

உங்களைத் தவறே செய்யாதவர் என்று இத்தனை ஆண்டு சொல்லி வந்தோம். அப்படிச் சொன்னதே வீரம்மாவின் வாயை அடைத்தது என்று பிறகுதான் விளங்கியது. இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டோம். தவறு செய்து, அதை மறைக்காமல், அதற்கும் அடியில் கிடந்த பெரிய தவறையும் பிரித்துப் பார்த்தவர் என்று சொல்வோம். ஐம்பத்தைந்து வயதில் அரிச்சுவடி படிக்கத் துணிந்தவர் என்று சொல்வோம். பாசிர் பூத்தே வீட்டில் நீங்கள் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டும் அதற்கு மேலும் நிறைவாக இருக்க வேண்டும். கோப்பி ஆறுவதற்குள் இனியாவது குடிக்க வேண்டும்.

பணியை விட்டு நீங்கள் விலகுகிறீர்கள். நீங்கள் எழுதிய பழைய புரோகிராமாக இருந்தால், விலகியவர் பெயரை இன்றே எடுத்திருக்கும். புதியது எடுக்காது. வருகிற திங்கட்கிழமைப் பட்டியலில் இருபதாவது தாளின் கடைசி வரியை வீரம்மா தன் கையால் சேர்த்திருக்கிறார். பெயர்: அன்னபாக்கியம். இப்போது இருக்கும் இடம்: பாசிர் பூத்தே, ஈப்போ. வர வேண்டிய நாள்: ஒவ்வொரு திங்களும், பசியாறும் நேரத்துக்கு.

இதற்கு மூன்று டிஸ்கெட்டில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.

உங்களை விடாமல் பிடித்திருக்கும்,
வீரம்மா, பழனியப்பன் மற்றும் மாடியறைப் பணியாளர்கள் அனைவரும்

ஈப்போ, 31 அக்டோபர் 1987