ழகரத் தட்டுப்பாட்டிலும் மழை பொழிவித்த அச்சுக்கோப்பாளருக்கு

ஈயத்தை எழுத்தாக்கி, எழுத்தை ஏடாக்கி, ஏடு பிந்திய நாள்களில் எங்களை ஏசியும் ஏற்றம் தந்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அச்சுக்கோப்பாளர் அக்கா அவர்களே! வணக்கம்.

கையச்சு நூற்சங்கத்தின் இரண்டே அறைகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்றபடியே பணியாற்றிய நெடுந்தகையே! தலைகீழ் எழுத்தைத் தடையின்றிப் படிக்கும் தங்கள் தனித்திறமையால், மேசைக்கு எதிரே அமர்ந்து நாங்கள் எழுதிய விடுப்பு விண்ணப்பம் ஒன்றேனும் முடியும்வரை இரகசியமாய் இருந்ததுண்டா? "வயித்துவலின்னு போன மாசமே எழுதிட்ட, வேற ஏதாவது எழுது" என்று திருத்தித் தந்த திருக்கரங்களை மறப்போமா!

ஆயினும் அக்கா, தங்கள் பெருமைக்கெல்லாம் முடிமணி அந்த மழைக் கவிஞர் வந்த ஆண்டுதான். ஆண்டுக்கு ஒரு நூலேனும் அச்சேறாவிட்டால் அறைகளைக் காலிசெய்ய வேண்டும் என்பது கட்டட உரிமையாளரின் கண்டிப்பு. அவ்வாண்டு கைக்கு வந்தது அக்கவிஞரின் ஒற்றை நெடுங்கவிதை மட்டுமே. எட்டுப் பக்கத்து எழுத்துகளையும் ஒரே சட்டத்துக்குள் பாரமாய்ப் பூட்டி ஒருசேர அச்சிட வேண்டும்; ஒரு பக்கத்து எழுத்தைக் கலைத்து மறுபக்கத்துக்கு எடுக்க வழியில்லை. கவிதையிலோ நாற்பத்தொன்பது ழகரங்கள். நம் எழுத்துப் பெட்டியிலோ முப்பத்தொன்று. புதிதாய் வார்த்துத் தருவோர் எவருமிலர்.

தாங்கள் எவரையும் கேட்கவில்லை. மழையைத் தூறலாக்கினீர், சாரலாக்கினீர். ஓரிடத்தில் வெயிலே அடிக்கச் செய்தீர். 'அவள் அழுதாள்' என்ற இடத்தில் 'அவள் தும்மினாள்' என்று கோத்தீர்.

புரூஃபைப் பார்த்த கவிஞர் புயலாய் வந்தார்.

"யாரும்மா இங்க தும்மினது?"

"ழ தீர்ந்துபோச்சுங்க."

"தீர்ந்துபோறதுக்கு அது என்ன சர்க்கரையா?"

"பெட்டியை நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணினார், மேசைக்கு அடியிலும் குனிந்து தேடினார். முப்பத்தொன்றுதான். கையெழுத்துப் பிரதியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. அறை போயிற்று, அச்சுப்பொறி போயிற்று என்று அதை ஓட்டும் மிஷின்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தே விட்டார். தாங்களோ தலைநிமிராமலே கேட்டீர்:

"போறதுன்னா போங்க. ஒரே ஒரு சந்தேகம். ஏழாவது வரியில மழை பெய்யுது, எட்டாவது வரியிலயும் பெய்யுது. நடுவுல நின்னுட்டுப் பெய்யுதா?"

பதில் சொல்லத் திரும்பியவர் மூன்று நாள் போகவில்லை. முக்காலியில் அமர்ந்து ஒவ்வொரு மழைக்கும் தங்களோடு மல்லுக்கு நின்றார். பைண்டர் இருமினாலும் முறைத்தார். பதினேழு ழகரங்களை அவரே தம் கையால் அடித்து நீக்கினார். கவிதை தேறிவிட்டதென்று அவரே ஒப்புக்கொள்ளவும் செய்தார். குறைய வேண்டிய பதினெட்டாவது ஒன்றுக்கு மட்டும் இணங்கவில்லை. 'மழை நின்றது' என்பது கடைசி வரி.

"மழை நின்னாத்தானேம்மா கவிதை முடியும்! இதை மட்டும் தரமாட்டேன்."

"சரி, போயிட்டு வாங்க. நிக்கும்."

குறித்த நாளில் நூல் வந்தது. கடைசி வரியில் மழையும் நின்றது. அறைகள் நமக்கே நிலைத்தன. முப்பத்திரண்டாவது ழகரம் எங்கிருந்து வந்ததென்று நாங்கள் மூளையைக் கசக்கினோம். பின்னட்டைக்கு முந்தைய பக்கத்தில், அச்சுக்கோத்தவர் பெயரைச் சொல்லும் வரி ஒன்று உண்டு; கலைக்காமல் கட்டியே வைத்திருந்து, நூலுக்கு நூல் எடுத்துப் பூட்டும் வரி அது. அதைப் படித்துப் பார்த்த மிஷின்காரர் அலறினார்.

"அக்கா! உங்க பேரே தப்பா வந்திருக்கே! ழ இருந்த இடத்துல ள இருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும். இத்தனை வருசத்துல என் பேரை எவன் ழ போட்டுக் கூப்பிட்டான்? நீயே ளன்னுதானே கூப்பிடற!"

அம்மையீர்! அன்று சிரித்தோம், வீட்டுக்குப் போன பிறகுதான் வெட்கினோம். பொடியெழுத்துக்கும் பணியாத பார்வையோடும், நின்று தேய்ந்த கால்களுக்கு இனியேனும் நாற்காலியோடும், நோய்நொடி அண்டாத நூறாண்டு தாங்கள் நிறைந்திருக்க நெஞ்சார வேண்டுகிறோம். இம்மடலை வாசித்து முடித்ததும் மிஷின்காரர் தங்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார். காலையிலிருந்து நாக்கை மடித்துப் பழகி வருகிறார், தவறினால் பொறுத்தருள்க.

அன்பும் அச்சமும் குறையாத,
மிஷின்காரர், பைண்டர், காகிதம் வெட்டுபவர்
மற்றும் கையச்சு நூற்சங்கப் பணியாளர் அனைவரும்