மார்கழிக் குளிரும் ஏழு ரப்பர் வட்டங்களும்

மதிப்பிற்குரிய பணியாளர் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

மணவாள நகரில் மார்கழிக் குளிர் உண்மையிலேயே கடுமையானது. கும்மிடிப்பூண்டியில் உருக்காலை உலைகளுக்கு அருகே அமர்ந்திருக்கும் தங்களுக்கு அது தெரியாமல் போயிருக்கலாம். டிசம்பர் 28ஆம் தேதி ஏன் வேலைக்கு வரவில்லை என்று ஒப்பந்தத் தொழிலாளி ஷஃபியுல்லாவைத் தாங்கள் கேட்டபோது, குளிரில் ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று அவர் சொன்னார். "நீ இன்னா காஷ்மீர்லயா குடியிருக்கே?" என்று தாங்கள் திருப்பிக் கேட்டீர்களாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை அவரிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது.

மூன்று ஆண்டுகள் ஒப்பந்தத்தில் உழைத்தவர், டிசம்பர் முழுவதும் ஒருநாளும் தவறாமல் வந்தால் ஜனவரியில் நிரந்தரமாகிவிடுவார் என்று தாங்கள் வாக்களித்திருந்ததையும், ஒருநாள் தவறியதால் அவர் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டு வேலையே போனதையும், பத்தாம் தேதிக்குள் தக்க காரணம் எழுத்தில் வந்தால் மீண்டும் சேர்க்கப்படும் என்பதையும் அறிவேன். இன்று எட்டாம் தேதி. தக்க காரணம் நானே.

என் பெயர் ஜோசப். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷஃபியுல்லாவுக்கு எதிர்வீடு. இயந்திரங்களைப் பிரித்துச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. சென்ற நவம்பரில் பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டு மோட்டார் இதழ் ஒன்று கிடைத்தது. உறைபனிக் காலத்தில் வெளியே போக முடியாத பொழுதுபோக்கு மெக்கானிக்குகள் செய்யத்தக்க பயனுள்ள வேலைகளை அதில் ஒரு கட்டுரை விளக்கியிருந்தது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்போது தொடங்கவேண்டும் என்றிருந்தது. என் வெப்பமானி பத்தொன்பது காட்டியது. பூஜ்யத்துக்கும் பத்தொன்பதுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. குரங்குக் குல்லாய் அணிந்துகொண்டு தொடங்கிவிட்டேன்.

ஸ்பேனர்களுக்கு எண்ணெய் பூசினேன். என் மொபெட்டின் கேபிள்களுக்கு கிரீஸ் தடவினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், பெட்ரோல் டாங்கைப் போர்வையால் போர்த்தினேன். கராஜ் கதவின் பனியை அகற்றவேண்டும் என்றிருந்தது. கராஜும் இல்லை, பனியும் இல்லை. ஆகவே கோழிக்கூண்டின் கதவைத் துடைத்தேன். டிசம்பர் மூன்றாம் தேதி மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குளிர்காலம் இன்னும் முழுசாக மீதமிருந்தது.

நான்காம் தேதி விடியலில் ஷஃபியுல்லாவின் ஸ்கூட்டர் தானாகவே கிளம்பவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அன்று நான் எதுவும் செய்திருக்கவில்லை. வண்டியை ஒருபக்கம் சாய்த்து, நிமிர்த்தி, இருபது முறை உதைத்துவிட்டு, "இன்னா பேஜாரு இது, நேத்து நல்லாத்தானே ஓடினு இருந்துச்சு" என்று அவர் நின்றார். நான் போய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி மாட்டினேன். ஒரே உதையில் கிளம்பியது. "சார், நீங்க மெக்கானிக் இல்ல, டாக்டரு" என்றார். ஐந்தரைக்குப் பிரதான சாலையில் வரும் தங்கள் கம்பெனி பஸ்ஸையும் பிடித்துவிட்டார்.

ஐந்தாம் தேதி வண்டி கிளம்பிவிட்டது. என்னை ஒருவரும் அழைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு கதை சொல்ல அனுமதிக்கவும். ஒரு குளத்தின் படிக்கட்டில் நண்டு ஒன்று வாழ்ந்தது. படியில் படிந்த பாசியைச் சுரண்டி, நீர் குடிக்க வரும் விலங்குகள் வழுக்கி விழாமல் காத்துவந்தது. மான் வணங்கிற்று, முயல் வாழ்த்திற்று. ஒருநாள் பாசி முற்றிலும் தீர்ந்துபோயிற்று. அதன்பின் எல்லா விலங்குகளும் நண்டைத் தாண்டியே நடந்தன. நண்டு யோசித்தது. அடுத்த குளத்திலிருந்து ஒரு கைப்பிடி பாசி கொண்டுவந்து நட்டது. இக்கதையின் நீதி என்னவென்று வகுப்பில் நான் ஒருபோதும் கேட்டதில்லை. மாணவர்கள் தவறாகச் சொல்லிவிடுவார்கள் என்ற அச்சம்தான்.

பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து மிளகளவு ரப்பர் வட்டம் ஒன்றை வெட்டினேன். அதை ஸ்பார்க் பிளக்கின் தொப்பிக்குள் வைத்து அழுத்திவிட்டால் பொறி பிறக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மாலை ஏழரைக்குத் தெருவே தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும். வேலைக்கு அதுவே ஏற்ற நேரம். விடியலில் உதவிக்கு அழைப்பார்கள். தொப்பியைக் கழற்றி, ஊதி, வட்டத்தை உள்ளங்கைக்கு மாற்றிவிட்டு, "குளிர்" என்பேன். ஒரு சொல்தான். அதிகம் விளக்கினால் பாடம் கெட்டுவிடும்.

எங்கள் தெருவில் ஸ்கூட்டரும் மொபெட்டுமாக ஏழு வண்டிகள், என்னுடையது நீங்கலாக. தொடக்கத்தில் நாளுக்கு ஒன்று என்று அளவோடு இருந்தேன். கோயில் மடைப்பள்ளியில் பணிபுரியும் ராமஸ்வாமி நான்கு மணிக்கே கிளம்பவேண்டியவர். "பெருமாளே எழுந்துட்டார் சார், இந்த மொபெட் எழுந்திருக்க மாட்டேங்கறது" என்று வருந்துவார். அவருக்காக நானும் மூன்றரைக்கு எழுந்தேன் என்பதைத் தாங்கள் கவனிக்கவேண்டும். சுயநலக்காரன் எவனும் மூன்றரைக்கு எழமாட்டான்.

ஷஃபியுல்லாவின் விஷயத்தில் நான் தனிக்கவனம் எடுத்துக்கொண்டேன். அவருடைய விடியலில் ஆறு நிமிடங்களுக்கு மேல் எடுத்ததில்லை. பஸ்ஸுக்கு எப்போதும் இரண்டு நிமிடம் மிச்சம் வைத்தேன். அவர் நிரந்தரமாவதில் என்னைவிட அக்கறை கொண்டவர் அத்தெருவில் இல்லை.

இருபத்தேழாம் தேதி மாலை சற்று உற்சாகமாக இருந்தேன். ஏழு வண்டிகளுக்கும் வைத்துவிட்டேன்.

அன்றிரவே எனக்கு ஜலதோஷம் பிடித்தது. இது நான் எதிர்பாராதது. குளிரைப் பற்றி ஒரு மாதமாகப் பேசிவந்த நான் அதை நம்பியதே இல்லை. விடியற்காலை இரண்டு கம்பளிகளின் கீழே படுத்திருந்தபோது, தெருவில் உதைக்கும் ஓசை தொடங்கியது. முதலில் ராமஸ்வாமி. அவர் பதினெட்டு உதைக்குப்பின் நடந்தே போய்விட்டார். ஐந்தேகாலுக்கு ஷஃபியுல்லா. பின்பு அவருக்கு உதவ மற்றவர்கள் தத்தம் வண்டிகளை எடுத்தார்கள். ஆறு வண்டிகளை ஆறு பேர் ஒரே பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தியதைச் சன்னல் வழியே பார்த்தேன். குடியரசு தின அணிவகுப்பில்கூட அத்தகைய ஒழுங்கைக் கண்டதில்லை.

ஷஃபியுல்லாவின் மனைவி பீவி ஜான் சன்னலருகே ஓடிவந்தார்.

"சார், ஒரு எட்டு வாங்க சார். இன்னிக்கு பஸ்ஸ விட்டா இவரு கதி அவ்ளோதான்."

"எனக்குக் காய்ச்சலம்மா. தொண்ணூற்றொன்பது."

"அப்ப இன்னா செய்யணும்னு சொல்லுங்க, நானே செய்றேன்."

தொப்பியைக் கழற்றி உள்ளே பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான்கு சொற்கள்தான். சொன்னால், இனி அவரே செய்துகொள்வார். கற்பித்தலில் முப்பத்தொரு ஆண்டு அனுபவம் உள்ளவனுக்கு, எதைக் கற்பிக்கக் கூடாது என்பதும் தெரியும். ஆகவே பொறுமையின் பெருமையை உணர்த்தும் ஓர் ஆமையின் கதையைச் சொன்னேன். ஆமை ஆற்றைக் கடப்பதற்குள் அவர், "சார், உங்க ஆமை நடக்கட்டும், பஸ்ஸு நிக்காது" என்று சொல்லி ஓடிவிட்டார். நல்ல கதையை நடுவில் விட்டுப் போனது எனக்குச் சற்று வருத்தம்.

ஷஃபியுல்லாவும் ஓடினார். சாப்பாட்டுத் தூக்கோடு தெருமுனைவரை ஓடியதைப் பார்த்தேன். தங்கள் பஸ் மூன்று மின்கம்பம் முன்னே போய்விட்டது என்று பிறகு சொன்னார்.

எட்டு மணிக்கு எனக்கு வியர்த்து, காய்ச்சல் விட்டது. கம்பளியோடு போய் எல்லா வண்டிகளையும் பதினோரு நிமிடத்தில் சரிசெய்தேன். தெருவே கைதட்டியது. திண்ணையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்த ஷஃபியுல்லா எழுந்துவந்து, "காய்ச்சலோட எழுந்து வந்தீங்களே சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்குள் அப்போது அவருடைய ரப்பர் வட்டம் இருந்தது. பீவி ஜான் இஞ்சி டீ கொண்டுவந்தார். என் வாழ்நாளின் மிக இனிய காலைகளில் அது ஒன்று என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அதன்பின் பத்து நாட்கள் அவர் வீட்டு விளக்கு நெடுநேரம் எரிவதைப் பார்த்தேன். ஸ்கூட்டரையே விற்றுவிடப் போவதாக நேற்று சொன்னார். வேலை இல்லாதவனுக்கு வண்டி எதற்கு என்றார். அப்போதுதான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

ஆகவே முறைப்படி ஒப்புக்கொள்கிறேன். டிசம்பர் 28ஆம் தேதி ஷஃபியுல்லா வராததற்கு அவரோ, அவர் வண்டியோ, குளிரோ காரணமல்ல. முழுக்க முழுக்க நானே. சான்றாக ஏழு ரப்பர் வட்டங்களை இணைத்துள்ளேன். ஏழும் ஒரே அளவில் வெட்டப்பட்டிருப்பதைத் தங்கள் பொறியாளர்களிடம் காட்டலாம். அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இக்கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லவேண்டாம். நல்ல மனிதர், என்னை இழந்துவிட்டதாக வருந்துவார்.

நிரந்தரமானால் பழையதைத் தள்ளிவிட்டு, பட்டனை அழுத்தினாலே கிளம்பும் புதிய மோட்டார் சைக்கிள் வாங்குவது அவர் ஆசை என்று பீவி ஜான் சொன்னார். மிக்க மகிழ்ச்சி. பட்டன் வண்டிகளுக்குக் குளிர் இன்னும் சீக்கிரம் பிடிக்கும் என்று இன்று காலையே அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.