எண்பத்தாறாம் நம்பர் பெட்டி

ஹலோ... ஹலோ, கேக்குதா? லோபோஸ்ல ரயில் பெட்டிக்குள்ள கறி சுட்டுப் போடுற கடைதானே?... தோன் ஃபவுஸ்தோவா? அப்பாடா! காலையிலேருந்து நாலு தடவ அடிச்சிட்டேன்... இல்ல இல்ல, சாப்பிட எடம் சொல்லி வெக்க இல்ல. என் பேரு ஹெர்மினியா. புவெனோஸ் அய்ரெஸ்லேருந்து பேசுறேன்... ஆமா, அவ்ளோ தூரத்துலேருந்துதான். உங்க கறி மேல ஆசப்பட்டு இல்ல, கோச்சுக்காதீங்க...

உங்ககிட்ட இருக்கே பெட்டி, அது எண்பத்தாறாம் நம்பர்தானே? இங்க சுரங்க ரயில்ல ஓடினது... ஆமா, ஆமா, மஞ்சள் பெட்டி! என் தங்கச்சி போன மாசம் உங்க கடையில சாப்பிட்டுட்டு போட்டோ அனுப்பினா. அவ தலைக்கு மேல பித்தளைத் தகடு, அதுல எண்பத்தாறு. தங்கச்சி புதுசா முடி வெட்டியிருந்தாளாம், நான் எங்க அதப் பாத்தேன்? தகடத்தான் பாத்தேன்...

எதுக்கா? என் வீட்டுக்காரர் எவரிஸ்தோ, இருபத்திரெண்டு வருஷம் ஒர்க்‌ஷாப்புல இந்தப் பெட்டிங்களத்தான் ரிப்பேர் பண்ணினார்... ஆமா, உங்களுதும் அவர் கை பட்டதுதான்! மத்ததெல்லாம் உருக்கிட்டாங்க தோன் ஃபவுஸ்தோ, ஒண்ணு விடாம. ஊரெல்லாம் விசாரிச்சுட்டேன். எனக்குத் தெரிஞ்சு மிச்சம் உங்களுது ஒண்ணுதான்... ஒரு நிமிஷம்... என்னங்க? அவரேதான்! எண்பத்தாறேதானாம்! நல்லா இருக்காம்! நீங்க பேசாதீங்க, பேசினா இருமல் வந்துரும்... இருங்க தோன் ஃபவுஸ்தோ, கதவச் சாத்திக்கிறேன்.

ம், சொல்லுங்க... வேற ஒண்ணும் இல்ல, ஒரு தடவ அதுல ஏறி உக்காந்து பாக்கணும்னு அவருக்கு ஆசை. சனிக்கிழமை வரலாமா?... நெஜமாவா? நீங்க நல்லா இருக்கணும்! படி எத்தன?... மூணுதானா. இல்ல, அவருக்கு மூச்சு வாங்கும், அதான் கேட்டேன்... நீங்களே பிடிச்சு ஏத்தி விடுறீங்களா? அய்யோ, இப்படி ஒரு மனுஷனா...

என்ன சத்தம் அது?... ரம்பமா? பெட்டிக்குள்ளயா? எங்க அறுக்குறாங்க?... ஓட்டுநர் கேபினுக்குப் பின்னாடி... சமையக்கட்டுலேருந்து தட்டு நீட்ட ஜன்னல் வெக்கிறீங்களா... சரி, சரி. அந்தச் சுவத்துல, தகரத்துக்கு உள்ள, சாம்பல் கலர்ல ஒரு பலகை இருக்குமே... ஆமா, கெட்டியா, கல்லு மாதிரி... அதையேதானா?

தோன் ஃபவுஸ்தோ, அத மட்டும் சனிக்கிழமை வரைக்கும் விட்டு வைங்களேன்... சும்மாதான். பழசு பழசா இருந்தா அவர் சந்தோஷப்படுவாரேன்னு... வெள்ளிக்கிழமை கடை தொறக்கணுமா... பாதி அறுத்தாச்சா. மருமகனா அறுக்குறது... ம்... ம்... பரவால்ல, மிச்சம் பாதியப் பாத்துக்கிட்டா போச்சு...

யாரது இருமுறது?... உங்க பொண்ணா? பெட்டிக்குள்ள என்ன பண்றா?... தூளப் பெருக்குறாளா. தொடப்பத்தாலயா...

இல்ல, இருக்கேன்... லைன்லதான் இருக்கேன்...

தோன் ஃபவுஸ்தோ, ரம்பத்த நிறுத்தச் சொல்லுங்க... இப்பவே... ஏன் எதுக்குன்னு அப்புறம் கேளுங்க, மொதல்ல நிறுத்துங்க! பொண்ணு கையிலேருந்து அந்தத் தொடப்பத்த வாங்கி எறிஞ்சுட்டு வெளிய இழுத்துட்டு வாங்க! போங்க, நான் இருக்கேன்...

...நிறுத்தியாச்சா? ரெண்டு பேரும் வெளிய வந்தாச்சா?... ஆமா, மூச்சு விடுங்க. கேளுங்க. நான் சொன்னது பொய்... முழுப் பொய் இல்ல, பாதிப் பொய். அந்தப் பலகை ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூளுதான் என் வீட்டுக்காரர் நெஞ்சுல இருக்கு. தெனமும் அத அறுத்தார், ராவினார். சாயங்காலம் வந்தார்னா சட்டையெல்லாம் மாவு மாதிரி. நான்தான் முற்றத்துல நின்னு உதறி உதறித் துவைப்பேன், பாட்டு வேற பாடிக்கிட்டு... நானா? நானும்தான் இருமுறேன், யாரு கேக்குறா...

மொதல்லயே ஏன் சொல்லலன்னா, சொன்னா பெட்டியத் தூக்கி எறிஞ்சுருவீங்கன்னு பயம். எனக்கு அந்தப் பலகை வேணும் தோன் ஃபவுஸ்தோ... ஆமா, பலகைதான்! அவருக்கு வீட்டுல ஆக்சிஜன் மிஷின் வேணும். இந்தத் தூளால பாதிச்சவங்கன்னு ரயில் ஆபீஸ்ல ஒரு பட்டியல் இருக்கு, அதுல பேரு இருந்தாத்தான் தருவாங்க. அவர் வேல செஞ்ச பெட்டியில இந்தச் சரக்கு இருந்துச்சுன்னு காட்டினாத்தான் பேரச் சேப்பாங்க. எதக் கொண்டுபோய்க் காட்டுவேன்? எல்லாத்தையும்தான் உருக்கியாச்சே! மனுஷனுக்கு மூச்சு முட்டுறது ஆதாரம் இல்லியாம், பலகைதான் ஆதாரமாம்!

நகம் அளவு துண்டு போதும். நனைச்சு, ரெண்டு பையில போட்டு ஒட்டிருங்க, நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கிறேன். நம்பர் தகட்ட ஒரு போட்டோ. இந்தப் பெட்டியிலேருந்து எடுத்ததுன்னு உங்க கையெழுத்து ஒண்ணு...

யாரும் அனுப்பல! சுகாதார ஆபீஸ்காரி குரலா இது?... ஆமா, கையெழுத்து போட்டா உங்க கடைப் பேரு வெளிய வரும்... மூடச் சொல்வாங்களாவா? சொல்லலாம். இனிமே உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். சொல்லலாம்... கத்தாதீங்க... எனக்குப் புரியாம இல்ல, எட்டு வருஷமா அங்க ஊருக்கே சோறு போட்டிருக்கீங்க... புரியுது, புரியுது...

லாரியா? இன்னிக்கேவா? எங்க, உருக்குற எடத்துக்கா?... வேணாம் தோன் ஃபவுஸ்தோ, கும்பிடுறேன், வேணாம். பெட்டி போகட்டும், அதுக்கு முன்னாடி ஒரு துண்டு... நீங்க தொட வேணாம், யாரும் தொட வேணாம், நான் வர்றேன், இப்பவே கெளம்புறேன், சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்...

பின்ன ஏன் சொன்னேனா?... உங்க பொண்ணு இருமினா. வேற என்ன? நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். மூணே நாளு. சனிக்கிழமை வந்து, சிரிச்சுப் பேசி, ஒரு துண்ட எடுத்துப் பையில போட்டுக்கிட்டு வந்திருப்பேன். என்னால முடியல... நன்றி வேணாம், துண்டு குடுங்க!... சரி, போன வெச்சிராதீங்க, ஒண்ணே ஒண்ணு, பொண்ணு போட்டிருக்கிற துணிய உதற விடாதீங்க, அப்படியே தண்ணியில... ஹலோ? தோன் ஃபவுஸ்தோ? ஹலோ?...

வெச்சிட்டார்.

...அய்யோ, நீங்க ஏன் எந்திரிச்சு வந்தீங்க? கதவப் பிடிச்சுக்குங்க, நான் வர்றேன்... அழுவுறேனா? வெங்காயம் நறுக்கினேன்ல... இல்லங்க, கத்தல. அங்க ஏதோ ரம்பச் சத்தம், அவருக்குக் காது கேக்கல, அதான்... இல்ல இல்ல, இன்னும் லைன்லதான் இருக்கார். இருங்க.

ஹலோ, தோன் ஃபவுஸ்தோ... ஆமா, சொல்லுங்க... சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு. சரி... மூணே படி, நீங்களே ஏத்தி விடுறீங்க. ரொம்ப நன்றிங்க... தகட்டுக்குக் கீழயே எடம் போட்டு வெக்கிறீங்களா, அது போதும்... பலகைக்கு என்ன, தாராளமா எடுத்துக்கலாமா... எவரிஸ்தோவா? இதோ பக்கத்துலதான் நிக்கிறார். சிரிக்கிறார்... ஆமா... ஆமா, ஆமா.