கதவைச் சாத்தாமல் போனவர்

அறிவுக்கு ஓர் அரங்கம் அமைத்து, ஆசனத்தில் அமர்ந்து, கைக்கடிகாரத்தால் என்னைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் தலைவர், கணக்கு ஆசிரியர் அவர்களே! வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் நாளைய கவலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் இப்போதே கொட்டாவி விடும் தம்பியே! உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

இந்த வாசகசாலையில் இன்று தர்க்க வகுப்பு தொடங்குகிறது. என்ன சொல்கிறீர்கள் அக்கா? "தர்க்கமா, அது எங்க வீட்டுல தினமும் நடக்குதே" என்கிறீர்களா? அது வாய்ச்சண்டை அக்கா! நான் சொல்வது வேறு. நூறாண்டுக்கு முன்னால் சில தத்துவ அறிஞர்கள், உண்மையைத் தேடி வானத்தைப் பார்க்கவில்லை, வாக்கியத்தைப் பார்த்தார்கள். ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பிரித்தார்கள். 'எனக்குத் தெரியும்' என்கிறாயே, நேரில் கண்டு தெரியுமா, விவரத்தை வைத்து ஊகித்துத் தெரியுமா என்று துளைத்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பீர்கள். உதவியதை நான் பார்த்தேன்!

நான் மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். ஒரு நாள் காலை, குளிர் அறையின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த தடுப்பூசி மருந்து அத்தனையும் பாழ்! முந்தின நாள் கடைசியாக அங்கே தரை துடைத்தவர் எங்கள் துப்புரவு அக்கா. கணவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வேலை ஒன்றுதான் அவர்களுக்குச் சோறு. மேலாளர் சொல்லச் சொல்ல நோட்டீஸ் எழுதினேன்: 'கதவைச் சாத்தாமல் போனவர் நீங்கள். உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது?' எழுதிய கை எது? இதோ, இந்தக் கைதான்! சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

விசாரணையில் மேலாளர் கேட்டார்: "சுத்தி வளைக்காதே. சாத்தாம போனது நீதானே?"

"நான் இல்ல சார்."

"அப்போ வேற யாரு? பேரைச் சொல்லு!"

என்ன சொல்வார்? ஆமாம் என்றால் தன் வேலை போச்சு. இன்னொரு பெயரைச் சொன்னால் அந்த ஆளின் வேலை போச்சு! அக்கா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இதே வாசகசாலையில் படித்த அந்த அறிஞர்கள் நினைவுக்கு வந்தார்கள், எழுந்துவிட்டேன்.

"சார், நான் எழுதினது ஒரு வாக்கியம் இல்ல, மூணு. யாரோ ஒருத்தர் சாத்தாம போனார். அப்படிப் போனவர் ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தர் இவங்க. நாம மூணாவதை வெச்சே மல்லுக்கட்டறோம். முதலாவதை யார் பார்த்தா?"

"கதவு திறந்து கிடந்துச்சே, போதாதா?"

"திறந்து கிடந்ததைத்தான் பார்த்தோம் சார். திறந்து போட்டதைப் பார்க்கல."

மேலாளர் முறைத்தார். "வா, பார்த்துடுவோம்" என்று போய், தம் கையாலேயே கதவை இறுகச் சாத்தினார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே இயந்திரம் ஓர் உறுமல் உறுமியது. டப்! கதவு தானாகத் திறந்துகொண்டது, நான்கு விரல் அகலத்துக்கு! விளிம்பு ரப்பரில் பனி படிந்து உப்பியிருந்தது. அந்த நோட்டீஸ்படி பார்த்தால், கதவைச் சாத்தாமல் போனவர் மேலாளர்தான்! சிரிக்காதீர்கள், சிரிப்பை அடக்க அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கதவைச் சாத்தாமல் போனவர் எங்கே? கிடங்கில் உண்டா? தெருவில் உண்டா? ஊரில் உண்டா? எங்குமே இல்லை! இல்லாத ஓர் ஆளை நாமே உண்டாக்கி, ஓர் ஏழைப் பெண்ணின் தலையில் கட்டியிருந்தோம். நோட்டீஸை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

மேலாளர் விடுவாரா? "அப்போ ரப்பரைக் கவனிக்காம விட்டவன் யாரு? மெக்கானிக்தான்! அவனுக்கு எழுதும்மா நோட்டீஸ்!" என்றார். பாழாய்ப் போன பழக்கம், என் கை பேனாவை எடுத்துவிட்டது! கண்ணீரைக்கூட இன்னும் துடைக்காத அந்த அக்கா, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருங்கம்மா. அப்படி ஒருத்தர் இருக்காரான்னு முதல்ல பாருங்க."

அவையோரே! தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியிருக்கலாம். யாரோ ஒருவருக்காக நின்றார்! இந்த வகுப்புப் பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. மூன்றாவது வரி காலியாக இருக்கிறது, தம்பி, கொட்டாவியை முடித்துவிட்டு வாருங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.